சில்லு நகரில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்

ஆங் மோ கியோ என்றதும் பெரும்பாலோருக்கு உணவங்காடி நிலையங்களும் ‘ஏஎம்கே ஹப்’ கடைத்தொகுதியும்தான் நினைவுக்கு வரும். மின்னணுவியல் படிக்கும் மாணவர்களுக்கு அந்நகர் வேறொரு காரணத்துக்காகவும் தெரிந்திருக்கலாம். சிங்கப்பூரின் முதல் சில்லுத் தகட்டு ஆலை 1984ல் அங்குள்ள தொழிற்பேட்டையில்தான் தொடங்கியது. அன்று எஸ்ஜிஎஸ் என்ற பெயரில் இருந்த இத்தாலிய நிறுவனம், இன்று எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸ். ஆலை இன்னும் ஆங் மோ கியோவில் இயங்குகிறது. நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மத்தியக் கல்லூரியும் அதே வட்டாரத்தில்தான் உள்ளன. சில்லு செய்யும் இடமும் சில்லைப் பற்றிப் படிக்கும் இடமும் ஒரு பேருந்துப் பயணத்தில் அடங்கிவிடும்.

அந்த ஊரில் ஒரு நான்கறை வீட்டில், சில்லு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்ட பொருளை நம்பி என் மாமா பாட்டுக் கேட்கிறார். பணி ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மாலைகளில் ஒரு கருவியின் விசையைத் தட்டிவிட்டு, அது சூடாகும்வரை அரை மணி நேரம் காத்திருப்பார். கட்டைவிரல் அளவுள்ள நான்கு கண்ணாடிக் குழாய்கள் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஒளிரத் தொடங்கும். பிறகுதான் இசைத்தட்டை எடுப்பார். அந்தக் கருவியின் பெயர் வால்வு பிரீ-ஆம்ப்ளிஃபையர். விலை என்ன என்று அத்தைக்குத் தெரியாது. எனக்கும் சொல்லவில்லை. ஆனால் இந்த வகைக் கருவிகளின் விலை சில ஆயிரம் வெள்ளியில் தொடங்கிப் பல்லாயிரம் வெள்ளி வரை போகும் என்பது கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கடைத்தொகுதியில் ஒருமுறை சுற்றி வந்தாலே தெரிந்துவிடும். ஒலிப்பெட்டி, ஆம்ப்ளிஃபையர் கடைகளுக்குப் பெயர்போன இடம் அது.

“மாப்பிள்ளை, முன்னெல்லாம் பாட்டுக் கேட்டேன். இப்போ பாடுறவங்க எதிர்ல உட்கார்ந்திருக்காங்க,” என்பார் மாமா.

அவர் அப்படிச் சொல்லும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. ஏனென்றால், அளவீட்டுக் கருவியைக் கொண்டு பார்த்தால் சில வெள்ளி விலையுள்ள ஒரு சில்லு, மாமாவின் கருவியைவிடத் துல்லியமாக வேலை செய்யும்.

வால்வு என்பது என்ன?

உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் ‘வால்வு ரேடியோ’ என்பார்கள். காற்று உறிஞ்சப்பட்ட கண்ணாடிக் குழாய்க்குள் சூடான ஓர் உலோகப் பகுதி. சூட்டில் அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும். எதிரே நேர்மின்னழுத்தம் கொண்ட தகடு அவற்றை இழுக்கும். இரண்டு முனைகள் மட்டும் உள்ள இந்த வடிவத்தை ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் 1904ல் உருவாக்கினார். 1906ல் அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் மெல்லிய கம்பி வலை ஒன்றைச் சேர்த்தார். அந்த வலையில் மின்னழுத்தம் சற்றே அசைந்தால், தகட்டுக்குப் போகும் எலக்ட்ரான் ஓட்டம் பெரிதாக அசையும். ஒரு வோல்ட் அசைவு பல பத்து வோல்ட் அசைவாக மாறும். குழாயைத் திருகும் விரலின் சிறு அசைவு தண்ணீரின் வேகத்தையே மாற்றுவது போல. தாம் செய்த பொருள் எப்படி வேலை செய்கிறது என்பது டி ஃபாரஸ்ட்டுக்கே முழுதாகப் புரியவில்லை என்பது அறிவியல் வரலாற்றின் சுவையான செய்திகளில் ஒன்று.

வானொலி, தொலைபேசி, பேசும் படம், தொடக்ககாலக் கணினி எல்லாம் அந்த வலையின் மேல்தான் எழுந்தன. 1950களின் தமிழ்த் திரைப்பாடல்கள் எல்லாமே ஒலிவாங்கியிலிருந்து பதிவுக் கருவி வரை வால்வு வழியாகப் பயணித்தவை. இந்தியாவில் 1954ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் வானொலிகளுக்கான வால்வுகளைத் தயாரித்தது. ‘பிஇஎல்’ என்று அச்சிட்ட அந்தப் பழைய குழாய்களை இன்றும் வெளிநாட்டு ஆர்வலர்கள் தேடி வாங்குகிறார்கள்.

1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சூடாக்க வேண்டாம், உடையாது, சிறியது, மலிவு. இருபது ஆண்டுகளுக்குள் வீட்டுக் கருவிகளிலிருந்து வால்வு வெளியேறத் தொடங்கிவிட்டது. டிரான்சிஸ்டர்களை ஒரே தகட்டில் நெருக்கிப் பதித்ததுதான் சில்லு.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1970ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் தொடங்கிய ஆடியோ ரிசர்ச் நிறுவனம், மற்றவர்கள் கைவிட்ட வால்வை வைத்து உயர்விலைக் கருவிகளைச் செய்தது. 1977ல் கான்ராட்-ஜான்சன் நிறுவனமும் அதே வழியில் வந்தது. பொருளியல் படிக்கும் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் கவனிக்க: அதை நிறுவிய பில் கான்ராட், லூ ஜான்சன் இருவருமே பொருளியல் வல்லுநர்கள். அவர்களின் முதல் தயாரிப்பே ஒரு வால்வு பிரீ-ஆம்ப்தான்.

பெருக்காத பெருக்கி

பிரீ-ஆம்ப் என்பது இசைக்கருவிக்கும் ஒலிப்பெட்டியை ஓட்டும் பெரிய ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் இருப்பது. எந்தக் கருவியிலிருந்து ஒலி வர வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் அதன் வேலை. இசைத்தட்டுக் காலத்தில் அதற்கு உண்மையிலேயே பெரிய பொறுப்பு இருந்தது. இசைத்தட்டு ஊசியிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. அதை நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்க வேண்டும். 1950களின் இறுதியில் வந்த புகழ்பெற்ற மராண்ட்ஸ் 7 பிரீ-ஆம்பில் இதற்காக 12ஏஎக்ஸ்7 வகை வால்வுகள் ஆறு இருந்தன.

இன்று நிலைமை வேறு. குறுந்தட்டுக் கருவியிலிருந்து வருவதே 2 வோல்ட். பெரும்பாலான ஆம்ப்ளிஃபையர்களை முழுச் சத்தத்துக்குக் கொண்டுவர அதுவே போதும். ஆகவே இன்றைய பிரீ-ஆம்ப் பெரும்பாலான நேரம் சத்தத்தைக் குறைக்கத்தான் செய்கிறது. பல்லாயிரம் வெள்ளி கொடுத்து வாங்குவது, ஒருவகையில், மிக அழகான ஒரு சத்தக் குமிழ்.

அப்படியானால் அதில் வால்வு எதற்கு? ‘என்இ5532’ என்ற சில்லு 1979 முதல் இருக்கிறது. விலை சில வெள்ளிதான். அது சேர்க்கும் ஒலித்திரிபு ஆயிரத்தில் சில பங்கு விழுக்காடு அளவுக்கே இருக்கும். பதிவுக்கூடங்களின் ஒலிக்கலவை மேசைகளில் அந்தச் சில்லும் அதன் உறவினர்களும் நூற்றுக்கணக்கில் இருந்தன. 1980களுக்குப் பிந்தைய பல பாடல்கள் நம் காதுக்கு வருமுன்பே அப்படிப்பட்ட பல சில்லுகளைக் கடந்து வந்தவை. கடைசியில் வீட்டில் இன்னொன்றைக் கடப்பதால் பாட்டு கெட்டுவிடும் என்று சொல்வது கடினம்.

மேல் ஸட்ஜம் தரும் திரிபு

எளிய வால்வுச் சுற்று ஒன்றின் திரிபு, சில்லின் திரிபைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அளவைவிட அதன் குணம்தான் சுவாரசியமானது. கர்நாடக சங்கீதம் கற்கும் மாணவர்களுக்கு இது உடனே புரியும்.

200 ஹெர்ட்ஸில் ஒரு ஸட்ஜம் பாடுவதாக வைத்துக்கொள்வோம். மூன்று முனை வால்வு அதனுடன் பெரும்பாலும் 400 ஹெர்ட்ஸைச் சிறிதளவு சேர்க்கும். அது மேல் ஸட்ஜம். அதைவிடக் குறைவாக 600 ஹெர்ட்ஸைச் சேர்க்கலாம். அது மேல் ஸ்தாயி பஞ்சமம். அடுத்து 800, மறுபடி ஸட்ஜம். 1000 வந்தால் அது அந்தர காந்தாரத்தின் இடம். பட்டியல் பழக்கமானதுபோல் இருக்கிறதா? தம்புராவை மீட்டும்போது கேட்பது இதே வரிசைதான். தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலை வைத்து, அதை நகர்த்தி நகர்த்தி இந்த மேல்சுரங்களைத்தான் வெளியே கொண்டுவருகிறார்கள். அதுவும் ஒருவகைத் திரிபே. அதைத் தம்புராவின் உயிர் என்கிறோம்.

ஆகவே வால்வு சேர்ப்பது குப்பை அல்ல. சுருதியோடு சேரும் துணை ஒலி. மாமா கேட்கும் குரலும் வீணையும் இன்னும் நிறைவாகத் தோன்றினால் வியப்பில்லை.

ஆனால் நல்ல செய்தி அத்துடன் நின்றுவிடுகிறது. இரண்டு சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும்போது இதே திரிபு அவற்றின் கூட்டலையும் கழித்தலையும்கூட உண்டாக்கும். ஸட்ஜம் 200, பஞ்சமம் 300 என்றால் 500ம் 100ம் பிறக்கும். இரண்டும் சுருதிக்குள்தான். ஆனால் ஸட்ஜம் 200ம் சதுச்ருதி ரிஷபம் 225ம் சேர்ந்தால் 425 பிறக்கிறது. அது மேல் ஸ்தாயி சுத்த ரிஷபத்தின் பக்கத்தில் போய் நிற்கும். ராகத்திலேயே இல்லாத சுரம்! முப்பது வயலின்கள், மேளம், கூட்டுக்குரல் எல்லாம் சேர்ந்த திரைப்பாடலில் இப்படி எத்தனை பிறக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். வால்வுக் கருவிகளைக் காட்டிக் கவர நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு குரல், ஒரு கருவி உள்ள பதிவுகளையே ஒலிக்க விடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நன்றாக வடிவமைத்த உயர்விலை வால்வு பிரீ-ஆம்பில் இந்தத் திரிபு, சாதாரண சத்தத்தில், அசல் ஒலியால் மூடப்பட்டுவிடும் அளவுக்குச் சிறியது. விலை ஏற ஏற வால்வு சில்லைப் போலவே நடந்துகொள்ள முயல்கிறது. அப்படியானால் மாமாவின் மனநிறைவு எங்கிருந்து வருகிறது?

48 மணி நேரச் சவால்

இந்தக் கேள்வியை 1985ல் ஒருவர் நேரடியாகவே சோதித்தார். பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், ‘ஸ்டீரியோஃபைல்’ சஞ்சிகையிடம் ஒரு சவால் விட்டார். “உங்களுக்குப் பிடித்த, எவ்வளவு விலையுள்ள ஆம்ப்ளிஃபையரை வேண்டுமானாலும் தாருங்கள். 48 மணி நேரத்தில் என்னுடைய மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரை அதைப் போலவே ஒலிக்கச் செய்கிறேன்” என்பதே அதன் சாரம். அந்தச் சஞ்சிகையோ விலையுயர்ந்த கருவிகளின் நுட்பமான வேறுபாடுகளை எழுதியே பெயர் பெற்றது. அவர்கள் கொடுத்தது ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர். கான்ராட்-ஜான்சனின் பிரீமியர் ஃபைவ் என்று அதன் பெயர் பின்னர் வெளியானது. பிரீ-ஆம்ப் அல்ல, ஒலிப்பெட்டியை ஓட்டும் பெரிய கருவி. ஆனாலும் கேள்வி அதேதான்.

சாந்தா ஃபே நகரில் தங்கி, பற்றவைக்கும் கோலுடன் உட்கார்ந்தார் கார்வர். அவர் பின்பற்றிய முறை தொடக்கப்பள்ளிக் கழித்தல் கணக்கு. இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கும் ஒரே இசையைக் கொடு. ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றொன்றைக் கழி. மிச்சத்தைக் கேள். மிச்சம் கேட்டால் இரண்டும் வேறு. மிச்சம் மௌனமானால் இரண்டும் ஒன்று. மிச்சம் கேட்கக் கேட்கத் தம் கருவியின் சுற்றைத் திருத்திக்கொண்டே போனார். கடைசியில் சஞ்சிகையின் ஆசிரியர்கள் பலமுறை கேட்டும் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தோற்றதை அவர்களே தங்கள் பக்கங்களில் எழுதினார்கள். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். கார்வர் பின்னர் கடையில் விற்ற கருவி அந்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை என்றும் அதே சஞ்சிகை எழுதியது. சர்ச்சை நீண்டது. ஆனால் ‘வால்வின் ஒலி’ என்பது கண்ணாடிக்குள் அடைபட்ட மந்திரம் அல்ல, அளந்து, நகலெடுக்கக்கூடிய ஒன்று என்பது அன்று நிறுவப்பட்டுவிட்டது.

கார்வர் செய்ததை வேறு விதமாகவும் படிக்கலாம். இரண்டு கருவிகளுக்கும் வேறுபாடே இல்லை என்று அவர் சொல்லவில்லை. வேறுபாடு இருந்தது. அதனால்தான் திருத்த வேண்டியிருந்தது. ‘எல்லாம் பிரமை’ என்று இணையத்தில் கேலி செய்பவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

நாணயம் சுண்டிப் பாருங்கள்

காதைக் குழப்பும் பொருள்களில் முதன்மையானது சத்த அளவு. ஒரு கருவி மற்றதைவிட ஒரு டெசிபலுக்கும் குறைவாகச் சத்தம் கூடியிருந்தால், ‘இது சத்தமாக இருக்கிறது’ என்று நமக்குத் தோன்றாது. ‘இது தெளிவாக இருக்கிறது’ என்றே தோன்றும். கடையில் ஒப்பிட்டுக் காட்டும்போது சத்தத்தை வோல்ட்மீட்டரால் சமப்படுத்தினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது எதிர்பார்ப்பு. விளக்கு ஒளிர்கிறது, உலோகப் பெட்டி கனக்கிறது, அரை மணி நேரம் காத்திருந்தாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று. இதற்கெல்லாம் பிறகு நன்றாக இல்லை என்று சொல்ல மனம் வருமா?

இதற்குத்தான் கண்ணை மறைத்துச் செய்யும் சோதனை. உங்கள் நண்பர் நாணயம் சுண்டி, எந்தக் கருவி ஓட வேண்டும் என்று முடிவு செய்யட்டும். நீங்கள் பார்க்காமல் சொல்லுங்கள். பத்து முறை. எதுவும் தெரியாமல் குத்துமதிப்பாகச் சொன்னாலும் ஐந்து சரியாகும். பத்துக்கு எட்டு அல்லது அதற்கு மேல் குருட்டு அதிர்ஷ்டத்தால் வர 1,024ல் 56 வாய்ப்பு, அதாவது ஏறத்தாழ 5.5 விழுக்காடு. ஒன்பது அல்லது அதற்கு மேல் வர 11 வாய்ப்பு, 1 விழுக்காடு சொச்சம். உயர்நிலைப் பள்ளிக் கணக்குப் பாடத்தின் நிகழ்தகவுதான் இது. ஒன்பது வந்தால் உங்கள் காது எதையோ உண்மையில் பிடித்துவிட்டது என்று நம்பலாம். ஆறு வந்தால் கருவி மோசம் என்று பொருளல்ல. கருவியைத் திருப்பித் தரும் காலக்கெடு முடியுமுன் யோசிக்கலாம் என்றுதான் பொருள்.

மாமாவிடம் இதைச் செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். “எதுக்கு? எனக்குப் பிடிச்சிருக்கு,” என்றார். அந்தப் பதிலில் தவறு இல்லை என்றே நினைக்கிறேன். ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பதற்குச் சான்று தேவையில்லை. சனிக்கிழமை மாலை கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஓர் இசைத்தட்டின் இரு பக்கங்களையும் முழுதாகக் கேட்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்தக் கருவி அவரை அப்படி உட்கார வைக்கிறது. ஆனால் ‘இது மற்றதைவிடத் துல்லியமானது’ என்பது வேறு வகைக் கூற்று. அதற்குச் சான்று வேண்டும். விற்பவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். வருமானமே இல்லாத வயதில், காணொளி விமர்சனத்தைப் பார்த்துவிட்டுத் தவணையில் காதொலிக் கருவி வாங்க நினைக்கும் இளையர்கள் அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கப் பழகினால் பணம் மிஞ்சும்.

வால்வு வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டிய இன்னொன்று, அவை தேய்ந்துபோகும் பொருள்கள். சில ஆயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டிவரும். இன்று அவற்றைப் பெருமளவில் தயாரிக்கும் ஆலைகள் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளில் மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவில் உள்ளன. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதித் தடைச் செய்தி வந்தபோது கிட்டார் ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்போர் உட்படப் பலர் அவசரமாக வாங்கிக் குவித்தார்கள்.

செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஜாலான் புசார் அருகே உள்ள சிம் லிம் டவரில் மின்னணு உதிரிப்பாகக் கடைகள் உண்டு. ஆனால் வால்வுச் சுற்று, கல்லூரிச் செய்முறைப் பலகையைப் போன்றதல்ல. தகட்டுக்குத் தேவைப்படுவது 200 முதல் 300 வோல்ட். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னூட்டம் தங்கியிருக்கும். விரிவுரையாளர் பக்கத்தில் இல்லாமல் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

கார்வரின் கழித்தலை மட்டும் எந்த ஆபத்தும் இல்லாமல் இன்றிரவே செய்யலாம். செலவும் இல்லை. ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் ஒரு பாடலின் சுருக்கப்படாத கோப்பைத் திறங்கள். அதே கோப்பிலிருந்து எம்பி3 ஒன்றை உருவாக்கி, அடுத்த தடத்தில் போடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கும்படி நகர்த்தி, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஒலிக்க விடுங்கள். பாட்டு மறைந்து, எம்பி3 தூக்கி எறிந்தது மட்டும் கேட்கும். தண்ணீருக்குள்ளிருந்து வருவது போன்ற விசித்திரமான கீச்சொலி அது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அது இல்லாத எம்பி3 பாட்டையும் அசலையும் பத்து முறை பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். நாணயம் சுண்ட ஒரு தம்பியோ தங்கையோ போதும்.